பாஸ்கெட்பால் வீரனுக்கு வாரக்கடைசி திங்கட்கிழமைதான்

தம்பி, உன் கேள்வியை மற்றவர்களுக்காக முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வயது 22, வீடு ஃபிரேசர் டவுன், கர்நாடக சீனியர் டீமில் இரண்டு வருடமாக இருக்கிறாய், ரயில்வேயில் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை. ஜெர்மனியில் ஒரு கிளப் பத்து மாத கான்ட்ராக்ட் தருகிறது என்று ஒரு ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கிறார்: மாதம் 1,200 யூரோ, தங்க வீடு, போகவர டிக்கெட். அங்கே வாழ்க்கை எப்படி இருக்கும், சனி ஞாயிறில் பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் என்று சுற்ற முடியுமா, அம்மா பயப்படுகிறார், வேலையை விட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்கிறாய்.

நான் அங்கே வீரனாக இருந்தவன் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அல்சூரில் வளர்ந்தேன், ஜூனியர் அளவில் ஆடினேன், பிசியோதெரபி படித்தேன். இந்திரா நகர் மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் பி2 வரை முடித்துவிட்டு, 2018 முதல் 2023 வரை ஜெர்மனியின் மேற்கே ரூர் பகுதியை ஒட்டிய ஒரு ஊரில் வேலை பார்த்தேன். பகலில் கிளினிக், சாயங்காலம் அந்த ஊர் ப்ரோ-ஏ டீமுக்கு பிசியோ. ப்ரோ-ஏ என்பது அங்கே இரண்டாம் டிவிஷன். ஐந்து சீசன் அவர்களோடு அதே பஸ்ஸில் போய், அதே பீட்சாவைச் சாப்பிட்டு, யாருக்கு முட்டி வலி, யாருக்கு மனசு வலி என்று மசாஜ் மேஜையில் கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

சனி ஞாயிறில் சுற்ற முடியாது. சனியும் ஞாயிறும்தான் மேட்ச். லீக் செப்டம்பர் கடைசியில் தொடங்கி ஏப்ரல் வரை போகும், பிளே-ஆஃப் வந்தால் மே. அதற்கு முன்னால் ஆகஸ்டிலிருந்து தயாரிப்பு. இத்தனை மாதத்தில் உனக்கென்று நிச்சயமாகக் கிடைக்கும் நாள் திங்கட்கிழமை ஒன்றுதான். இங்கே பெங்களூரில் வெள்ளி இரவு மடிவாளாவில் பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டு திங்கள் விடியற்காலையில் சில்க் போர்டில் வந்து இறங்குகிறோமே, அந்தக் கணக்கே அங்கே தலைகீழ். ஊரெல்லாம் திங்கள் காலை வேலைக்குக் கிளம்பும்போது நீ பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவாய்.

திங்கட்கிழமை என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது, யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். ஜெர்மனியில் பெரும்பாலான மியூசியங்களுக்கு அன்றுதான் விடுமுறை. பாரிசில் ஓர்சே மியூசியமும் திங்கள் மூடல், லூவர் செவ்வாய்தான் மூடல் என்பதால் தப்பித்தது. ஆம்ஸ்டர்டாமில் ரைக்ஸ்மியூசியம் வருடம் 365 நாளும் திறந்திருக்கும். கொலோன் தேவாலயத்துக்கும் திங்களன்று போகலாம். 1248-இல் கட்டத் தொடங்கி 1880-இல் முடித்தது, கோபுரம் 157 மீட்டர். ஆனால் கோபுரத்தின் மேலே போக 533 படி ஏற வேண்டும், முந்தின நாள் முப்பது நிமிஷம் ஆடியவனை நான் ஒருநாளும் ஏற விட்டதில்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்தாலே போதும்.

வார நாட்கள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன், ஏனென்றால் உன் கேள்விக்கான உண்மையான பதில் அதில்தான் இருக்கிறது. காலை பத்து மணிக்கு வெயிட் ரூம் அல்லது ஷூட்டிங், அதாவது கூடையில் பந்து போடும் பயிற்சி, ஒரு மணி நேரம், ஒன்றேகால் மணி நேரம். டீமில் இருக்கும் ஜெர்மன் பையன்களில் பலர் படிப்பவர்கள், வேலை பார்ப்பவர்கள், அதனால் முழு டீம் பிராக்டிஸ் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான். காலை பதினொன்றரையிலிருந்து மாலை ஐந்தரை வரை உனக்கு ஒரு வேலையும் கிடையாது. ஊரில் ஒருவரையும் தெரியாது, மொழி தெரியாது. டிசம்பரில் எட்டரைக்கு விடிந்து நாலரைக்கு இருட்டிவிடும், ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். ஆட்டம் கடினமாக இருப்பதால் திரும்பி வந்தவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை, இந்த ஆறு மணி நேரத்தைத் தாங்க முடியாமல் உடைந்தவர்களைத்தான் பார்த்தேன்.

எங்கள் டீமில் அமெரிக்காவின் அட்லாண்டா பக்கத்திலிருந்து ஒரு பாயின்ட் கார்ட், பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவன், வந்தான். கை அவ்வளவு சுத்தம், பந்து அவன் சொன்னபடி கேட்கும். வீட்டுக்கும் அவனுக்கும் ஆறு மணி நேர வித்தியாசம். அங்கே எல்லாரும் வேலை முடிந்து வரும்போது இவனுக்கு நள்ளிரவு, பேசிப் பேசி விடியற்காலை மூன்று நாலு மணி ஆகிவிடும். பிறகு மத்தியானம் வரை தூக்கம், காலை ஷூட்டிங் போச்சு, எழுந்ததும் பிளேஸ்டேஷன், வெளிச்சத்தையே பார்க்காமல் மறுபடி இருட்டில் பிராக்டிஸ். நவம்பரிலேயே முகம் மாறிவிட்டது. கால் தசை ஒவ்வொன்றும் கல் மாதிரி இருக்கும், நான் கை வைத்ததும் தெரிந்துவிடும், இது ஓடியதால் வந்த இறுக்கம் இல்லை, தூங்காததால் வந்தது என்று.

அவனைத்தான் அந்த அக்டோபரில், நவராத்திரி சமயம், ஒரு திங்கட்கிழமை ஹாம் ஊர் காமாட்சி அம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போயிருந்தேன். தமிழர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் தம்பி அது. ஊருக்கு வெளியே ஊன்ட்ராப் என்ற பகுதியில், கம்பெனி ஷெட்டுகளும் லாரிகளும் நிற்கிற இடத்தில், திடீரென்று நம்மூர் கோபுரம் ஒன்று எழுந்து நிற்கும். போருக்குப் பயந்து வந்த ஈழத்தமிழர்கள் கட்டியது, 2002-இல் குடமுழுக்கு. தேர்த்திருவிழாவில் தீர்த்தம் ஆட அம்மன் பக்கத்திலிருக்கும் கால்வாய்க்குப் போவாள், சரக்குப் படகுகள் போகிற கால்வாய் அது. நாங்கள் போன அன்று கூட்டம் குறைவு. ஒரு வயதான யாழ்ப்பாணத்து அம்மா இவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னிடம் “பிள்ளை சாப்பிட்டனீங்களோ?” என்று கேட்டுக்கொண்டே அவன் கையில் சுண்டலை வைத்தார். ஒருவர் அவன் பக்கத்தில் பேரனை நிறுத்திப் படம் எடுத்தார். ரயிலில் திரும்பும்போது அவன் சொன்னது, இந்த நாட்டுக்கு வந்த பிறகு மேட்ச் இல்லாத ஒரு நாளில் என்னிடம் யாராவது பேசியது இதுதான் முதல் தடவை என்று. அதன் பிறகும் அவன் வெளியே போயிருந்தால் தேறியிருப்பான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். போகவில்லை. நானும் அவனை இழுத்துக்கொண்டு போகவில்லை, அது எனக்கு வருத்தம்தான். வரிசையாகத் தோற்றோம், தோற்கும் டீம் முதலில் மாற்றுவது வெளிநாட்டிலிருந்து கூட்டி வந்த வீரரைத்தான், கிறிஸ்துமஸுக்கு முன்னால் இரண்டு பெட்டியோடு கிளம்பிவிட்டான்.

அதே டீமில் ஒரு செர்பிய சென்டர் இருந்தார், 33 வயது, பதினொரு வருடமாக ஊர் ஊராக ஆடுகிறவர். அவர் திங்கட்கிழமையை விரதம் மாதிரி பிடித்துக்கொண்டிருந்தார். மழையோ பனியோ, ஜெயித்தோமோ தோற்றோமோ, காலை ஒன்பது மணிக்கு ரயிலில் இருப்பார். பெரிய ஊர்களுக்குத்தான் போக வேண்டும் என்றும் இல்லை, நாற்பது நிமிஷத் தூரத்தில் ஒரு சின்ன ஊர், ஒரு காபி, ஒரு சந்தை, ஆற்றங்கரையில் கொஞ்ச நேரம், மாலை ஏழு மணிக்கு வீடு. செவ்வாய்க்கிழமை பிராக்டிஸுக்கு அவர் வருவதே வேறு மாதிரி இருக்கும். பயணம் என்பதை நீ செலவு, சொகுசு என்று நினைக்கிறாய். அந்த வேலையில் அது ஐஸ் வைப்பது, தூங்குவது மாதிரி உடம்பைப் பார்த்துக்கொள்ளும் ஒரு வழி என்றுதான் நான் சொல்வேன்.

எப்படிப் போவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதியிலிருந்து ஆம்ஸ்டர்டாம் ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள், கொலோனிலிருந்து பிரஸ்ஸல்ஸ் இரண்டு மணி நேரம், பாரிஸ் மூன்றரை மணி நேரத்துக்குள். விரைவு ரயிலுக்கு முன்கூட்டி எடுத்தால்தான் மலிவு, அன்றைக்குப் போய் எடுத்தால் கையைச் சுடும். 2023 மேயில் 49 யூரோவுக்கு மாதம் முழுக்க எல்லா உள்ளூர், வட்டார ரயிலிலும் போகும் ஒரு டிக்கெட் வந்தது, பிறகு விலை ஏறியிருக்கிறது, ஆனாலும் உன்னைப் போன்றவனுக்கு அதைவிட நல்லது இல்லை. ஐசிஇ, ஐசி மாதிரி தொலைதூர விரைவு ரயில்களில் அது செல்லாது. எங்கே போனாலும் திரும்பும் ரயிலை முதலில் முடிவு செய், அதுவும் கடைசி ரயிலாக இருக்கக் கூடாது, ஜெர்மன் ரயில் நேரத்துக்கு வரும் என்று நம் ஊரில் சொல்வதை நம்பாதே. ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் டிக்கெட் பணத்தில் 25 சதவீதம், இரண்டு மணி நேரமானால் 50 சதவீதம் திரும்ப வாங்கலாம், கேட்டால்தான் கிடைக்கும்.

அமெரிக்க வீரர் போகிற இடத்துக்கெல்லாம் இந்திய பாஸ்போர்ட்டோடு போக முடியாது. ஜெர்மனியில் தங்கும் அனுமதி அட்டை கையில் இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு, அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளுக்கு, 180 நாளில் 90 நாள் வரை விசா இல்லாமல் போகலாம், ஸ்விட்சர்லாந்தும் அதில் சேர்த்தி. லண்டன் சேராது, அயர்லாந்து சேராது, அதற்குத் தனி விசா வேண்டும். டீம் பையன்கள் ஞாயிறு இரவு பிளான் போட்டு திங்கள் காலை லண்டனுக்குப் பறப்பார்கள், நீ சும்மா கூடக் கிளம்பிவிடாதே.

உடம்பு விஷயம். மேட்ச் முடிந்த மறுநாள் கால் களைத்திருக்கும், உள்ளே நுண்ணிய கிழிசல்கள் ஆறிக்கொண்டிருக்கும். எங்கள் ஃபார்வர்டு ஒருவன் ஆம்ஸ்டர்டாம் போய் ஒரே நாளில் 28,000 காலடி நடந்துவிட்டு வந்தான், போனில் காட்டினான், செவ்வாய் பிராக்டிஸில் இருபதாவது நிமிஷம் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, மூன்று வாரம் உட்கார்ந்தான். போ, ஆனால் உட்கார்ந்து பார். படகில் ஏறு, டிராமில் போ. நீ இரண்டு மீட்டர் உயரம் என்றால் மலிவு விமானத்தின் சீட்டில் முட்டி மடங்கவே மடங்காது, மேட்சுக்கு மறுநாள் அதில் மூன்று மணி நேரம் உட்காருவதை நான் தடுத்துவிடுவேன்.

பஸ் பயணத்தைப் பற்றி யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை. வடக்கே கடலோரம் ராஸ்டாக், தெற்கே ட்யூபிங்கன், இரண்டும் அப்போது ப்ரோ-ஏவில் இருந்த ஊர்கள், நடுவே ஏறக்குறைய 900 கிலோமீட்டர். எங்கள் ஊர் நடுவாந்திரம் என்பதால் கொஞ்சம் தப்பித்தோம், அப்படியும் ராத்திரி பத்து மணிக்கு மேட்ச் முடித்து, பஸ்ஸில் பீட்சா பெட்டிகளைப் பிரித்து, விடியற்காலை நாலு மணிக்கு ஊர் சேர்ந்த நாட்கள் எத்தனையோ. உயரமான பையன்கள் சீட்டில் படுக்க முடியாமல் நடைபாதையில் யோகா பாயை விரித்துத் தூங்குவார்கள். அவே மேட்சுக்குப் போன ஊரை நீ பார்க்க முடியும் என்று எதிர்பார்க்காதே. ட்ரியருக்கு நான் நாலு முறை போனேன், ரோமானியர் கட்டிய போர்ட்டா நிக்ரா வாசலை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி, ஐந்தாவது முறை சொந்தக் காசில் ஒரு திங்கட்கிழமை போய்த்தான் அதைத் தொட்டுப் பார்த்தேன்.

சரி, இப்போது அந்த 1,200 யூரோ. இதைக் கவனமாகப் படி. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் ஒருவருக்கு ஜெர்மனியில் தொழில்முறை விளையாட்டு வீரர் என்று விசா தர வேண்டுமென்றால், அவருடைய மாத மொத்தச் சம்பளம் அந்நாட்டு ஓய்வூதியக் காப்பீட்டுச் சந்தா கணக்கிடப்படும் சம்பள உச்சவரம்பில் பாதியாவது இருக்க வேண்டும் என்பது விதி. 2025 கணக்கில் அந்த வரம்பு மாதம் 8,050 யூரோ, பாதி என்றால் 4,025. வரி, காப்பீடு எல்லாம் போகக் கையில் 2,600 யூரோவுக்கு அக்கம்பக்கம் வரும். 1,200 யூரோவுக்கு அந்த விசா வராது. அப்படியானால் எந்த விசாவில் கூப்பிடுகிறார்கள்? படிக்க வருகிறவன் பகுதிநேரமாக ஆடுவது உண்டு, கிளப்பில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் தன்னார்வத் தொண்டு வருடம் என்ற பெயரிலும் வருவது உண்டு, அவையெல்லாம் முறையான வழிகள்தான், ஆனால் உன் ஏஜென்ட் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். “முதலில் டூரிஸ்ட் விசாவில் வா, பிறகு மாற்றிக்கொள்ளலாம்” என்று சொன்னால் அந்த நம்பரை அழித்துவிடு.

ஏஜென்டுக்கு ஃபிபா, அதாவது உலகக் கூடைப்பந்து சம்மேளனத்தின் உரிமம் இருக்கிறதா என்று ஃபிபா தளத்திலேயே பெயர் போட்டுப் பார்க்கலாம். ஐரோப்பாவில் ஏஜென்டின் கமிஷனைப் பொதுவாக கிளப்தான் தரும், உன்னிடம் முன்பணம் கேட்பவர் உனக்கு வேண்டாம். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு மாறும் வீரருக்கு இந்தியக் கூடைப்பந்து சம்மேளனத்தின் லெட்டர் ஆஃப் கிளியரன்ஸ் என்ற அனுமதிக் கடிதம் வேண்டும், அது இல்லாமல் ஆடுகளத்தில் இறங்க முடியாது. கான்ட்ராக்டில் சம்பளம் வரிக்கு முன்பா, பின்பா என்று எழுதியிருக்க வேண்டும். தகராறு வந்தால் ஃபிபா உருவாக்கிய ஜெனீவா நடுவர் மன்றம் விசாரிக்கும் என்ற வரியும் இருக்க வேண்டும். 2007-இல் தொடங்கிய அந்த மன்றம், கான்ட்ராக்டில் அந்த வரி இல்லாவிட்டால் உன் வழக்கைக் கையில் எடுக்காது. அதன் தீர்ப்பை மதிக்காத கிளப் புது வீரரைப் பதிவு செய்ய முடியாதபடி ஃபிபா தடுக்கலாம், அதனால் அந்த ஒரு வரிக்கே கிளப்புகள் பயப்படும். வேறொரு நாட்டில் ஆடிவிட்டு எங்களிடம் வந்த ஒருவனுக்கு முந்தின கிளப் மூன்று மாதச் சம்பளம் பாக்கி வைத்திருந்தது, அந்த வரி இருந்ததால்தான் அவன் போராடவே முடிந்தது.

காயம் பட்டால் என்ன ஆகும் என்று நீ கேட்கவே இல்லை, 22 வயதில் யாரும் கேட்பதில்லை. ஜெர்மனியில் சம்பளம் வாங்கி ஆடும் வீரருக்கு விபிஜி என்ற சட்டப்படியான விபத்துக் காப்பீடு உண்டு. முட்டியில் ஏசிஎல் என்ற தசைநார் கிழிந்தால் ஆபரேஷன், அதன் பிறகு எட்டு ஒன்பது மாதப் பயிற்சி, எல்லாம் அதில் வரும், முதல் ஆறு வாரம் கிளப் சம்பளத்தையும் தர வேண்டும். அந்த நாட்டைப் பற்றி நான் மனசாரப் பாராட்டும் விஷயம் இது. ஆனால் நீ சம்பளப் பட்டியலில் முறையாக இருந்தால்தான் இதெல்லாம். கையில் ரொக்கமாகத் தருகிறேன் என்று சொல்லும் இடத்தில் முட்டி போனால் அடுத்த விமானத்தில் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

2020 மார்ச்சில் ப்ரோ-ஏ சீசன் பாதியில் நின்றுபோனது. எங்கள் அமெரிக்க வீரர்கள் சில நாளில் கிளம்பிவிட்டார்கள். இந்தியாவோ மார்ச் 22 முதல் சர்வதேச விமானங்களையே நிறுத்தியிருந்தது, நான் அங்கேயே இருந்தேன். சீசன் நடுவில் நின்றால் வீடும் சம்பளமும் எதுவரை என்று கான்ட்ராக்டில் கேள்.

போட்டி எப்படி என்றால், ப்ரோ-ஏவில் எந்த நேரமும் கோர்ட்டில் இரண்டு ஜெர்மானியர் இருந்தாக வேண்டும். மீதி மூன்று இடத்துக்குத்தான் அமெரிக்கக் கல்லூரியில் நாலு வருடம் ஆடியவர்களோடு நீ மோதுகிறாய். நம் ஆட்கள் வெளியே ஆடாமல் இல்லை: அம்ரித்பால் சிங் 2017-18 சீசனில் சிட்னி கிங்ஸில் ஆடினார், அம்ஜ்யோத் சிங் அதே சீசனில் அமெரிக்காவில் ஒக்லஹோமா சிட்டி ப்ளூவில். அவர்களுக்கும் முன்னாலேயே சென்னை தெற்கு ரயில்வேயின் கீது அன்னா ஜோஸ் ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் ஹாக்ஸுக்கு ஆடியிருக்கிறார். ஜப்பான் 2020-இல் ஆசிய வீரர்களுக்குத் தனி இடம் ஒதுக்கியபோது பிலிப்பைன்ஸ் பையன்கள் நிறையப் போனார்கள், ஆனால் அப்போது அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. நம் பையன்களுக்கும் ஒரு கதவு அப்படித் திறக்க வேண்டும் என்று எனக்கு மிகவும் ஆசை.

அதனால் வேலையை விடாதே. ரயில்வேயிடம் சம்பளமில்லா விடுப்பும் வெளிநாட்டில் ஆடுவதற்கான அனுமதியும் எழுத்தில் கேள். விசா பாஸ்போர்ட்டில் ஒட்டப்படும் வரை ராஜினாமா என்ற வார்த்தையே வாயில் வரக் கூடாது. கான்ட்ராக்ட் நகல் வந்ததும் என்னிடம் காட்டு, ஒவ்வொரு வரியாக உட்கார்ந்து படிப்போம். போவதாக முடிவானால் மூன்று மாதமாவது ஜெர்மன் படி, மத்தியானத்தில் பேக்கரிக்காரரிடம் நாலு வார்த்தை பேச முடிந்தாலே அந்த ஆறு மணி நேரம் ஐந்தாகிவிடும்.

அம்மா பயப்படுவது சரிதான், அவரை அடக்கப் பார்க்காதே. அக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள், அதன் பிறகு நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். பிராக்டிஸ் முடிந்து ஒன்பது மணிக்கு நீ கூப்பிட்டால் அம்மாவுக்கு நள்ளிரவு ஒன்றரை, போன் அடித்ததுமே பதறிப்போய் எழுந்திருப்பார். மத்தியானம் இரண்டு மணிக்குக் கூப்பிடு. உனக்கு வேலை இல்லாத நேரம் அது, இங்கே மாலை ஆறரை, விளக்கேற்றிவிட்டு அவரும் சும்மா உட்கார்ந்திருப்பார்.